வாளிப் படை டீச்சரின் நிச்சயதார்த்தம்

மோக் புய்லான் எந்த இயக்கத்தையும் தொடங்க நினைத்தவள் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது தூக்கம்.

கௌலூனில் அகதிகளுக்காக அரசாங்கம் கட்டிய ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில் பள்ளிக்கூடம். காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் இன்னொரு கூட்டம், இரண்டுக்கும் அவள்தான் டீச்சர். லிஃப்ட் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே வகுப்பெடுத்து, ஏறி இறங்கி, பக்கத்துத் தெருவில், ஒரு மூன்றாம் மாடியில் பலகைத் தடுப்பு போட்ட தன் அறைக்கு வந்து விழுந்தால் பக்கத்து அறைக்காரர் வானொலியில் நாடகம் கேட்பார். தூங்கினாற்போலத்தான். முப்பத்துநான்கு வயதில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் நாற்பத்தைந்து என்றார்கள். அவள் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நான்கு நாளைக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் தெருக்குழாயைத் திறந்தார்கள். அப்பாக்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மாக்கள் கைவேலைக்கு வாங்கி வந்த பிளாஸ்டிக் பூக்களை மடி நிறையக் கொட்டிக்கொண்டு இதழ் செருகிக்கொண்டிருப்பார்கள். பையன்களை எழுப்பவே முடியாது. ஆகவே மண்ணெண்ணெய்த் தகரத்தைக் காவடியில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பது பெண் பிள்ளைகள் வேலையாயிற்று. வரிசை என்பது பேச்சுக்குத்தான். அங்கே நடந்தது அடிதடி. ஒருநாள் ஒரு தகரம் பறந்து வந்து, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் நெற்றி பிளந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த புய்லான் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். கத்தியது தப்பு. அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் வரிசை அவள் தலையில் விடிந்தது.

பெண்களை எட்டு எட்டுப் பேராகப் பிரித்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் ஓர் அக்கா. கைக்குழந்தைக்காரிகளுக்கும் மாடி இறங்க முடியாதவர்களுக்கும் முதல் தண்ணீர். பிறகு அவரவர் வீட்டுக்கு. இரண்டு வாரத்தில் சண்டை நின்றது. மூன்றாவது வாரம் அடுத்த கட்டடத்துப் பெண்கள் வந்து, "எங்களையும் பிரிச்சு விடுங்க டீச்சர்" என்று நின்றார்கள். குடியிருப்பில் அவர்களுக்கு வாளிப் படை என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயர்தான், நிலைத்துவிட்டது.

குனிந்தால் கூந்தல் தகரத்துக்குள் விழுந்தது. போதாததற்குப் பேன். ஒரு விடுமுறை நாளில் நாற்பது பெண்களையும் மொட்டை மாடியில் உட்கார வைத்து, புய்லான் தானே தலை வாரி, பிடரியில் இறுக்கிக் கொண்டை போட்டுவிட்டாள். தன் கொண்டையைப் போலவே. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எல்லாம் முடிந்து எழுந்தபோது சோய்ஹா என்ற பதின்மூன்று வயதுப் பெண் ஒரு யோசனை சொன்னாள். வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம் அவளுக்கு.

"நாம எல்லாரும் ஒரு சத்தியம் பண்ணிக்கலாம் டீச்சர். இல்லாட்டி நாளைக்கே இந்த ஆ-பிங் வரிசையை உடைச்சுக்கிட்டு முன்னாடி ஓடிடுவா."

"நான் எதுக்குடி ஓடறேன்? நீதான் போன தடவை..."

"போதும்," என்றாள் புய்லான். "ஒரே வரி. எல்லாரும் சொல்லுங்க. சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."

தகரத்தின்மேல் கை வைத்து நாற்பது பேரும் சொன்னார்கள்: என் வரிசையை விட்டு ஓட மாட்டேன், என் சகோதரியைத் தள்ள மாட்டேன். சிறிசுகள் நடுங்கிக்கொண்டே சொல்லின. புய்லானுக்கே கண் கலங்கியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வான்சாயில் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்த அநாதை. சுன்டாக் பக்கத்துப் பழக்கவழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் பாதிக் குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த சுன்டாக்கிலிருந்து வந்தது. அந்தச் சீமையில் கல்யாணத்தன்று பெண்ணுக்குத் தலை வாரிக் கொண்டை போடுவார்கள். கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்த பெண், குன்யாம் அம்மன் முன்னால் தன் தலையைத் தானே வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு, மற்ற சகோதரிகளோடு சேர்ந்து சத்தியம் செய்வாள். அதன்பிறகு ஆயுசுக்கும் கன்னிதான். சத்தியத்தை மீறினால் உயிரோடு விடமாட்டார்கள் என்பார்கள். பட்டு ஆலை ஓடிய காலத்தில் ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்கள். இப்போது கல்யாணமாகாத ஒரு டீச்சர், நாற்பது பெண்களுக்குக் கொண்டை போட்டு, சகோதரி என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். போதாக்குறைக்கு அன்றைக்குக் குன்யாம் அம்மன் திருநாள். பள்ளி விடுமுறை என்று மட்டும் பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் மதிய வகுப்பு முடிவதற்குள் அம்மாக்கள் மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் ஆறாம் அண்ணி, சோய்ஹாவின் அம்மா. புருஷன் வீட்டில் ஆறாவது பிள்ளை என்பதால் அவள் ஊருக்கே ஆறாம் அண்ணி. சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். படிக்கட்டு வாசலில் மாமியார்கள் நின்றார்கள், வாயைத் திறக்காமல், காதை மட்டும் தீட்டிக்கொண்டு.

"டீச்சர்," என்றாள் ஆறாம் அண்ணி, ஏழு மாடிக்கும் கேட்கிற குரலில். "உங்களுக்குக் கல்யாணம் வேண்டாம்னா அது உங்க இஷ்டம். எங்க வீட்டுப் பொண்ணுங்க தலையில ஏன் கை வெச்சீங்க?"

"பேன் இருந்துச்சு அண்ணி."

"பேனா? பேனுக்கு மண்ணெண்ணெய் தடவினாப் போதாது? கொண்டை எதுக்கு? சத்தியம் எதுக்கு? நாளைக்கு இதுங்களை எவன் கட்டுவான்? உங்க மாதிரி ஒத்தை வெங்காயத்தையும் உப்புக் கருவாட்டையும் வெச்சுக்கிட்டுக் காலம் தள்ளணுமா?"

புய்லானுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. நாற்பது பேர் முறைக்கிற இடத்தில் சிரிப்பது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது சிரித்த பிறகுதான் தெரிந்தது.

"சிரிக்கறாங்க பாரு!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அவள் விளக்கினாள். தண்ணீர் என்றாள், வரிசை என்றாள், அது வெறும் கொண்டை என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஆறாம் அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னாள். "வாய்ப் பேச்செல்லாம் வேணாம் டீச்சர். நீங்க கல்யாணத்துக்கு எதிரி இல்லைன்னா ஒரு மாப்பிள்ளையைப் பாருங்க. கல்யாணம் அப்புறம் ஆகட்டும், நிச்சயமாவது பண்ணிக்கோங்க. அன்னைக்கு எங்க பொண்ணுங்க வருவாங்க. அதுவரைக்கும் ஒருத்தி வரமாட்டா."

படிக்கட்டு வாசலில் மாமியார்கள் தலையாட்டினார்கள்.

அடுத்த தண்ணீர் நாளில் நாற்பது பேரில் இரண்டு பேர் வந்தார்கள். பழையபடி தள்ளுமுள்ளு. பிரசவித்துப் பத்து நாள்கூட ஆகாத ஒருத்தி தானே தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புய்லான் அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, ஆறு மாடி தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு இறங்கினாள். இதோடு விட்டுவிடலாம் என்று தோன்றியது. அப்படி நினைக்கவே சுகமாக இருந்தது. தண்ணீர் நாளிலும் காலையில் படுத்திருக்கலாம். இவளை யார் கேட்கப்போகிறார்கள்?

ஐந்தாம் மாடி நடைபாதையில் சோய்ஹா காத்துக்கொண்டிருந்தாள். கொண்டையை அவிழ்த்திருந்தாள்.

"என்னைப் பூ ஆலைக்கு அனுப்பப் போறாங்களாம் டீச்சர். படிப்பும் வேணாமாம், படையும் வேணாமாம். பாட்டி சொல்லிட்டாங்க."

"உங்கம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா பாட்டி சொல்றதைத்தான் சொல்றாங்க. சத்தமா சொல்றாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க யாரையாவது கட்டிக்கக் கூடாதா டீச்சர்? ஒரே ஒரு ஆளைத்தானே கேக்கறாங்க?"

அன்று மாலையே புய்லான் ஆறாம் அண்ணியின் வீட்டுக் கதவைத் தட்டி, "சரி, யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்தில் அவளுக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

ஆறாம் அண்ணி ஒரே வாரத்தில் ஆளைப் பிடித்துவிட்டாள். ஸெதோ ஹொங் என்று பெயர். துறைமுகப் படகில் கயிறு வீசுகிற வேலை. "பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. பல்லெல்லாம் சொந்தப் பல்லு" என்று மாப்பிள்ளையின் குணங்களை அடுக்கினாள். குடியிருப்புக்குக் கீழேயிருந்த தேநீர்க் கடையில் சந்திக்க ஏற்பாடாயிற்று. கடையில் பாதி மேசைகளில் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள், தற்செயலாக வந்தவர்களைப் போல.

ஸெதோவுக்கு நாற்பது வயது இருக்கும். கயிறு அறுத்துக் காய்த்துப்போன கை. புய்லான் அவருக்குத் தேநீர் ஊற்றியபோது இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்லிவிட்டு, கொழுக்கட்டைக் கூடையை அவள் பக்கம் தள்ளினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார்.

"முதல்லயே சொல்லிடறேன் டீச்சர். என் பெண்டாட்டி சாகல."

புய்லான் கொழுக்கட்டையைக் கீழே வைத்தாள்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கா. டொய்சான்ல. நான் இங்க ஓடி வந்தேன், பின்னாடியே அவ வர்றதா இருந்துச்சு. கதவை மூடிட்டாங்க. பெர்மிட் கேட்டுக் கேட்டு அவளும் ஓய்ஞ்சுட்டா. இங்க எங்க ஊர்ச் சங்கத்துல கிழங்களெல்லாம் 'இன்னொருத்தியைக் கட்டிக்கோ, இன்னொருத்தியைக் கட்டிக்கோ'ன்னு காதுல ஓட்டை போடறாங்க. ஆறாம் அண்ணி வந்து கேட்டப்போ வாயைத் திறந்து இல்லைன்னு சொல்ல முடியல. உங்ககிட்ட நேர்ல சொல்லி மன்னிப்பு கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"அவங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா."

வெகு நாளைக்குப் பிறகு ஒரு மனிதர் தன்னிடம் உண்மை பேசுகிறார் என்று புய்லானுக்குத் தோன்றியது. அந்த ஆறுதலில் அவளும் தன் கதையைச் சொன்னாள். கொண்டை, பேன், குன்யாம் அம்மன், எல்லாம். ஸெதோ தேநீர் புரையேறும்வரை சிரித்தார். பக்கத்து மேசைகளில் அம்மாக்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"ஆக, உங்களுக்குக் கல்யாணம் வேணாம், கல்யாணப் பேச்சு மட்டும் வேணும்."

"ஆமா."

"எனக்கும் அதேதான் டீச்சர் வேணும்."

அப்படித்தான் நிச்சயமாயிற்று. ஸெதோ முறைப்படி கல்யாணப் பணியாரம் வாங்கி அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மாவு உதிர்கிற பெரிய பணியாரங்கள். புய்லான் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் தட்டிக் கொடுத்தாள். பணியாரம் தின்றால் சாட்சி சொன்னதுபோல. இனி அவள் நிச்சயமான பெண். அடுத்த தண்ணீர் நாளில் நாற்பது பேரும் வந்தார்கள், கூடவே புதிதாகப் பதினைந்து பேர். சோய்ஹா கொண்டையோடு முதல் வரிசையில் நின்றாள். அவளைப் பூ ஆலைக்கு அனுப்பும் பேச்சும் அப்படியே அமுங்கிப்போயிற்று.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தேநீர் என்று வைத்துக்கொண்டார்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில், சன்னலோர மேசையில். கல்யாணத் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். முதலில் ஸெதோவின் பெரியப்பா இறந்து துக்கம் வந்தது. அந்தப் பெரியப்பா உண்மையில் இருந்தாரா என்று புய்லான் கேட்கவில்லை. அதற்கடுத்து, பஞ்சாங்கத்தில் வசந்தம் பிறக்கும் நாளே விழாத வருஷம். அந்த வருஷத்தில் யாரும் கல்யாணம் செய்யமாட்டார்கள். பிறகு இரண்டு பேருக்கும் பிறந்த வருஷத்து விலங்கு பொருந்தவில்லை என்று ஒரு ஜோசியர் சொன்னார்; அவருக்கு ஸெதோ ஒரு பெரிய மீன் கொடுத்திருந்தார். "வேறென்ன தடங்கல் பாக்கி இருக்கு?" என்று இரண்டு பேரும் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே யோசிப்பார்கள்.

வாளிப் படை வளர்ந்தது. மழை பெய்து குழாய் திரும்ப ஓடியபோது அதற்கு வேலையில்லாமல் போகும் என்று புய்லான் நம்பினாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. புயல் வந்தால் கூரை போனவர்களுக்குக் கஞ்சி, ஆலைப் பெண்களுக்கு மாலையில் எழுத்து, முதலுதவி, நீச்சல். எட்டுப் பேர் வரிசை, வரிசைக்கு ஓர் அக்கா என்ற பழைய கணக்கிலேயே குடியிருப்புக்குக் குடியிருப்பு பரவியது. புதிய இடத்தில் தொடங்கும்போதெல்லாம் யாராவது ஒரு மாமியார் கேட்பாள், "அந்த டீச்சருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று. பழைய அம்மாக்கள் பதில் சொல்வார்கள்: "நிச்சயம் ஆயிடுச்சு. பணியாரம் நாங்களே சாப்பிட்டோம்." அந்த ஒரு பதிலில்தான் கதவு திறந்தது. ஆகவே அதைப் பாதுகாக்க வேண்டியிருந்தது. காதும் காதும் வைத்தாற்போலச் சொன்ன பொய் என்றால் மறந்துவிடலாம். இது மாதாமாதம் குளித்து உடுத்திக்கொண்டு போய்ச் சொல்லவேண்டிய பொய்.

மூன்றாவது வருஷம் சியூங் சௌ தீவில் முகாம் போட்டார்கள். வேறொரு பள்ளியிலிருந்து கூடாரம் அடித்துக் கொடுக்க வந்தவர் ஹௌ மாஸ்டர். உயரமான ஆள், முன்னந்தலை வழுக்கை, அதிகம் பேசமாட்டார். அடுத்த இரண்டு முகாமுக்கும் கூப்பிடாமலேயே வந்தார். புய்லான் அடுப்பருகே உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டால் அவள் வேலையைச் சத்தமில்லாமல் முடித்து வைத்திருப்பார். ஐந்தாவது வருஷ முகாம் முடிந்து படகில் திரும்பும்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் பெண்கள் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எப்பவுமே களைச்சுப்போயிருக்கீங்க டீச்சர்," என்றார். "பாதியை என்கிட்ட குடுங்களேன்."

அதைவிட நல்ல வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அப்போதே அவர் தோளில் தலையைச் சாய்த்துவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் எதிர் பெஞ்சில் தூங்கும் பெண்களைப் பார்த்தாள். நிச்சயத்தை முறித்துக்கொண்டு இன்னொருவரோடு போனவள் நடத்துகிற படைக்கு எந்த அம்மா பெண்ணை அனுப்புவாள்? உண்மையைச் சொன்னால் இன்னும் மோசம். ஊரையே ஏமாற்றிப் பணியாரம் தின்ன வைத்தவள் ஆகிவிடுவாள்.

"நான் நிச்சயமானவ, மாஸ்டர்," என்றாள்.

"தெரியும். எல்லாரும் சொன்னாங்க." அவர் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அஞ்சு வருஷமா தேதி வைக்காத ஆளைப் பத்திக் கேக்கலாம்னு தோணுச்சு. மன்னிச்சிருங்க."

அடுத்த வருஷம் அவர் வான்கூவருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டாள். அன்று மதிய வகுப்பில் ஒரே வகுத்தல் கணக்கை மூன்று தடவை தப்பாகப் போட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாதத் தேநீரின்போது ஸெதோவிடம்கூட அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வருஷங்கள் ஓடின. சோய்ஹா நர்ஸானாள். சுன்டாக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். படையின் மொத்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாள். வாளிப் படைக்கு இப்போது கௌரவமான பெயரும் சீருடையும் நிர்வாகக் குழுவும் இருந்தன. குழுவில் யாரோ ஒரு கனவான் சொன்னபடி, வாக்குறுதியில் 'எப்போதும் உண்மையே பேசுவேன்' என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். விழா மேடைகளில் சிறுமிகள் அதைக் கீச்சுக் குரலில் சொல்லும்போது புய்லான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்கு ஐம்பது வயதானபோது ஒரு முதல் ஞாயிறு, ஸெதோ தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வர்றா டீச்சர்," என்றார். "பெர்மிட் குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வர்றா." காய்த்துப்போன கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

புய்லான் அவருக்குக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாளின் முட்டிவலி, வளர்த்த பன்றி, சண்டைக்கார நாத்தனார் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று குனிந்து பார்க்கத் தெம்பில்லை.

"உங்க பேரு கெட்டுப்போகுமே டீச்சர்."

"நீங்க அவங்களுக்கு நல்ல மெத்தையா ஒண்ணு வாங்குங்க. என் பேரை நான் பாத்துக்கறேன்."

சொல்வது சுலபம். ஆயிரக்கணக்கில் பெண்கள் இருந்தார்கள். படையைத் தொடங்கியவள் பதினாறு வருஷம் இன்னொருத்தியின் புருஷனைக் காட்டி ஊரை ஏமாற்றியிருக்கிறாள் என்று வெளியே வந்தால், முதலில் சோய்ஹாவின் தலைதான் உருளும். தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது என்று புய்லான் முடிவு செய்தாள். பழி தன்னோடு போகட்டும், பெண்கள் மிஞ்சட்டும். முதலில் ஆறாம் அண்ணியிடம் சொன்னால் போதும். விளக்கு வைப்பதற்குள் ஏழு மாடிக்கும் போய்விடும். ஏசுவாள், ஏசட்டும்.

ஐந்தாம் மாடிக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியிருந்தது. ஆறாம் அண்ணி தனியாக வாசலில் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து, குவிந்து கிடந்த ஜீன்ஸ் கால்சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முக்காலியைக் காலால் தள்ளினாள்.

"உக்காருங்க டீச்சர். ஸெதோ பெண்டாட்டி என்னைக்கு வர்றா?"

புய்லான் உட்காரவில்லை. விழுந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? ஊருக்கு அனுப்பற பொட்டலத்தைத் துணியில வெச்சுத் தச்சாத்தானே தபாலாபீஸ்ல வாங்குவான்? அந்த மனுஷனுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா? அன்னையிலேருந்து போன வாரம் வரைக்கும் தச்சுக் குடுத்தது நான்தான். இப்போ 'இனிமே வேணாம் அண்ணி'ன்னுட்டாரு. உள்ள பொம்பளைச் சட்டை, பொம்பளைச் செருப்பு, முட்டிக்கு ஒட்டற பிளாஸ்திரி. தங்கச்சிக்குன்னுதான் சொல்வாரு, நம்பறதுக்கு நான் என்ன முட்டாளா? செத்தவளுக்கு எவனாவது பிளாஸ்திரி அனுப்புவானா டீச்சர்?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அன்னையிலேருந்துன்னா... நீங்க அவரை என்கிட்ட கூட்டிட்டு வந்தப்பவே..."

"அதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"தெரிஞ்சதுனாலதான் கூட்டிட்டு வந்தேன்." ஆறாம் அண்ணி அடுத்த கால்சட்டையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பயமெல்லாம் எங்க மாமியாருக்குத்தான். கிழவி வாயை மூட ஒரு மாப்பிள்ளை வேணும். ஆனா நிஜ மாப்பிள்ளையாப் பாத்தா? அடுத்த வருஷம் உங்களுக்கு ஒரு குழந்தை, அதுக்கடுத்த வருஷம் இன்னொண்ணு. அப்புறம் மொட்டை மாடிக்கு யாரு வர்றது? எம் பொண்ணை யாரு படிக்க வெக்கறது? எனக்கு உங்களைக் கட்டிக்காத மாப்பிள்ளை வேணும். தேடிப் பாத்தேன். அவர் ஒருத்தர்தான் இருந்தாரு."

நடைபாதையில் யாரோ துணி உலர்த்தும் மூங்கிலை வெளியே நீட்டினார்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பதினாறு வருஷம் பயந்து பயந்து காத்த பொய் ஆறாம் அண்ணிக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது. புய்லான் சிரிக்க முயன்று பார்த்தாள், வரவில்லை. அவள் நினைவில் படகும் எதிர் பெஞ்சும்தான் வந்தன.

"ஒருத்தர் என்னைக் கேட்டாரு, அண்ணி," என்றாள். யாரிடமும் சொல்லாத விஷயம் அது. "படகுல வர்றப்போ கேட்டாரு. நீங்களெல்லாம் என்ன சொல்வீங்களோன்னு பயந்து நான்..."

"ஹௌ மாஸ்டர்," என்றாள் ஆறாம் அண்ணி.

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. சிரிப்பும் போய்விட்டது.

"சோய்ஹா தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. வீட்டுக்கு வந்து அழுதா. 'டீச்சர்கிட்ட போயிச் சொல்லும்மா, எங்களுக்கெல்லாம் தெரியும், நீங்க போங்கன்னு சொல்லும்மா'ன்னு என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. அவளுக்கு அப்போ நர்ஸ் பரீட்சைக்கு நீங்கதான் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தீங்க. என் சின்னப் பொண்ணு அப்பத்தான் படையில சேர்ந்திருந்தா. நான் அவளை ஒரு அறை அறைஞ்சு, வாயைத் திறந்தா தொலைச்சுடுவேன்னு சொன்னேன்."

புய்லானுக்கு அவளை அடிக்கவேண்டும்போல இருந்தது. அவ்வளவு கோபம் தனக்குள் மிச்சமிருந்தது அவளுக்கே ஆச்சரியம். நாற்பது பெண்கள், நானூறு பெண்கள், நாலாயிரம் பெண்கள். அத்தனை பேருக்கும் தகரம் தூக்கியவளுக்கு ஒருவர் பாதியைக் கேட்டார். ஒரே ஒருவர். அதையும் இந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து இதழ் செருகிக்கொண்டே தடுத்து வைத்திருந்தாள்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்க."

புய்லான் யோசித்தாள். பொய் சொல்லலாம், பழகிய கைதான். இல்லை, எப்படியும் போயிருக்கமாட்டேன், என் பெண்களை விட்டு எங்கே போவேன் என்று மேடையில் சொல்வதுபோல ஏதாவது சொல்லலாம்.

"போயிருப்பேன்," என்றாள்.

"அதான் சொல்லல."

ஆறாம் அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு கேட்கவில்லை. புய்லானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அதற்குத் தெம்பில்லை.